ஓடைக்கு அந்தப் பக்கம்

சவ்வாது மலையின் மேற்குச் சரிவில் ஈச்சம்பாறை என்று ஓர் ஊர். தெரு என்று அங்கே எதுவும் கிடையாது. ஒரு பெரிய பள்ளத்தைச் சுற்றிச் சரிவுகளில் வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு சாமைக் கொல்லை கிடக்கும். இந்தச் சரிவில் நின்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் கேட்கும்.

கொரோனா வந்த வருஷம் ஊர் தன் பாதையை அடைத்துக்கொண்டது. ஒரு மரத்தைக் குறுக்கே போட்டு, அதன்மேல் முள்ளை அடுக்கினார்கள். காவலுக்கு ஆதிமூலத்தை வைத்தார்கள்.

ஆதிமூலம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஐம்பதைத் தாண்டியவன். மலையேறி வரும் எல்லா முகமும் அவனுக்குத் தெரியும் என்பதால் அவனை வைத்தார்கள்.

அவன் கூத்தும் கற்றுக்கொண்டிருந்தான். கற்றுக்கொடுத்தவள் சாலம்மா. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவளுடைய அப்பா கூத்து வாத்தியாராக இருந்த காலத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியவள். வேஷம் கட்டியவர்களுக்கு அவரவர் பாட்டுத்தான் தெரியும். பின்பாட்டுக்காரிக்கு எல்லார் பாட்டும் தெரியும். அப்பா போனபின் ஊர் அவளையே வாத்தியார் ஆக்கியது.

தலை நரைத்தவன் தன்னைவிடச் சின்னவளிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று சிலர் சிரித்தார்கள். ஆதிமூலம் கண்டுகொள்ளவில்லை. அவளை அவன் வாத்தியாரம்மா என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். கட்டியக்காரன் வேஷம் அவனுக்கு. கூத்தைத் தொடங்கி வைப்பவன், வேஷங்களைச் சபைக்கு அழைப்பவன், நடுநடுவே கேலி பேசுகிறவன்.

ஆடியில் அம்மனுக்குக் கூத்து நடக்க வேண்டும். கூட்டம் கூடக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஊர்க்கவுண்டர் சாலம்மாவைக் கூப்பிட்டு, களத்துமேட்டின் இந்தக் கோடியில் தான் நின்றுகொண்டு, அந்தக் கோடியில் அவளை நிற்க வைத்துப் பேசினார்.

"இந்த வருஷம் கூத்து வேணாம்னு வச்சுக்கலாமா?"

"கூடறதத்தானே வேணாம்னாங்க. பாடறத யாரும் வேணாம்னு சொல்லலியே."

"கூடாம எப்படிம்மா கூத்து?"

"அவங்கவங்க வாசல்ல இருந்து."

அப்படித்தான் ஆடிக்கு முந்தைய ஒத்திகை ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரத்தில் ஆதிமூலம் தன் வாசலில் நின்று கட்டியம் கூறுவான். எதிர்ச் சரிவில் மத்தளக்காரன் கொளந்தை இரண்டு தட்டுத் தட்டுவான். கீழே ஓடைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வெள்ளையன்தான் ராஜா. அவன் தன் வீட்டுக் கல்மேல் ஏறி நின்று பாடுவான். ஊர் சனம் அவரவர் வாசலில் உட்கார்ந்து கேட்கும்.

முதல்நாள் எல்லாம் குழம்பிப்போனது. கொளந்தை தட்டியது பள்ளத்தைத் தாண்டி வருவதற்குள் வெள்ளையன் பாட்டு ஓர் அடி முந்திவிட்டது. பெண்கள் சிரித்தார்கள். கொளந்தைக்குக் கோபம் வந்தது. மறுநாள் சாலம்மா வீடு வீடாகப் போய், வேலிக்கு வெளியே நின்று, புது ஒழுங்கைச் சொன்னாள். பாடும்போது மத்தளம் கூடாது. அடி முடிந்து, குரல் எதிர்ச் சரிவுக்குப் போய்ச் சேர்ந்தபின் மத்தளம். மத்தளம் ஓய்ந்தபின் அடுத்தவர் பாட்டு.

கூத்து மெதுவாகிவிட்டது. ஆனால் நடந்தது.

ஓர் இடம்தான் காலியாக இருந்தது. ராஜாவின் தங்கை வேஷம் கட்டும் சடையன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. பஸ் கிடையாது. போனும் எடுக்கவில்லை. அவன் வீடு கொளந்தை வீட்டுக்கு மேலே. இப்போது அங்கே அவன் மனைவி ருக்கு மட்டும்.

"அந்தப் பாட்ட நீங்களே பாடிடலாமே," என்று ஆதிமூலம் கேட்டான்.

"அவன் வரலைன்னு தெரியுமே தவிர, வரமாட்டான்னு தெரியாது," என்றாள் சாலம்மா. "அவன் அடி வர்ற இடத்துல சும்மா இருங்க. அது முடியற நேரம் ஆனதும் அடுத்தத எடுங்க."

அவ்வாறே தினமும் அந்த இடம் வந்ததும் பள்ளம் முழுவதும் சும்மா இருந்தது. ஆதிமூலத்துக்கு அது பிடிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று கேட்கும். எல்லாரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊர் அப்படி ஆகியிருந்தது. கொளந்தையின் மாமியார் தும்மினாள் என்று அவர்கள் வீட்டுக்கு மோர் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஒரு வீட்டில் பகலில் கதவு சாத்தியிருந்தால் ஏன் என்று பேசினார்கள். பக்கத்து மலையில் வெளியூரிலிருந்து திரும்பிய ஒருவனை ஊருக்குள் விடாமல் மழையில் நிற்கவைத்ததாகச் செய்தி வந்தது. சரிதான் என்றார்கள் சிலர். சிலர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதவர்களைச் சொன்னவர்கள் கவனித்து வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் காலியான இடம் வந்தது. எல்லாரும் சும்மா இருந்தார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது.

*அண்ணே, மலை இறங்கிப் போனவ வந்தேன்,*
*சாமை விளைஞ்சிருக்கா, சனமெல்லாம் சுகமா…*

இரண்டே அடி. மூன்றாவது அடி பாதியில் நின்றது. பாடியவனுக்கே திடீரென்று நினைவு வந்ததுபோல நின்றது.

கொளந்தை மத்தளத்தைத் தட்டவில்லை. வெள்ளையன் கல்லிலிருந்து இறங்கிவிட்டான். ருக்கு கதவைச் சாத்திய சத்தம் எதிர்ச் சரிவு வரைக்கும் கேட்டது.

காலையில் ஊர்க்கவுண்டர் தடுப்புக்கு வந்தார்.

"ஆதிமூலம், நேத்துக் கேட்டியா?"

"கேட்டேன்."

"சடையன் குரல்."

"அப்படித்தான் இருந்துச்சு."

"உன் தடுப்பத் தாண்டி எப்படி வந்தான்?"

ஊர்க்கவுண்டர் முள்ளை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அந்தப் பார்வை அவன் மனதில் தங்கிவிட்டது. நானே விட்டேன் என்று நினைக்கிறார், என்று எண்ணிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் தடுப்பை விட்டுவிட்டு ஊரைக் காவல் காக்க ஆரம்பித்தான். ருக்கு வீட்டில் ஒருத்திக்குச் சமைக்கிற புகையா, இருவருக்குச் சமைக்கிற புகையா என்று பார்த்தான். வெள்ளையன் வீடு ஓடைக்குப் பக்கம், அவன் எதற்காக அடிக்கடி கீழே இறங்குகிறான் என்று பார்த்தான். ஆடு மேய்க்கப் போனவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து திரும்புகிறார்கள் என்று பார்த்தான். எல்லாரும் ஏதோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது. அப்படிப் பார்க்கிறவனுக்கு அது தோன்றாமல் இருக்காது.

கடைசியில் அவன் கண்டது ருக்குவை அல்ல, வெள்ளையனையும் அல்ல. வெயில் ஏறிய நேரத்தில், துணியால் மூடிய ஒரு தூக்கை எடுத்துக்கொண்டு சாலம்மா ஓடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பி வரும்வரை அவன் ஒரு கடுக்காய் மரத்தடியில் நின்றான்.

"யாருக்கு வாத்தியாரம்மா சோறு?"

அவள் நின்றாள். முந்தானையை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"சடையனுக்கு."

மறுப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவன் சற்றுத் தடுமாறினான்.

"எப்போ வந்தான்?"

"ஆனி பொறக்கறதுக்கு முன்னாடி. காட்டு வழியா நடந்தே வந்துட்டான். நேரா ஊருக்குள்ள வரல. தேன் எடுக்கறவங்க போட்ட கொட்டாய்ல தங்கிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கமா நின்னு என்னக் கூப்பிட்டான்."

"நோயோட வந்திருந்தா?"

"அதான் அங்கயே இருக்கச் சொன்னேன். அடிவாரத்து ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குப் போன்ல சொல்லிட்டேன். ரெண்டு வாரம் தள்ளி இருக்கட்டும், காய்ச்சல் வந்தா கூப்பிடுங்கன்னாங்க. அந்தக் கெடுவும் தாண்டிடுச்சு. வந்து பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பறேன்னாங்க. அவங்களுக்குத்தான் மலை ஏற நேரம் கிடைக்கல."

"ருக்குவுக்குத் தெரியுமா?"

"பாட்டுக் கேட்டப்புறம் தெரியும்."

"ஊருக்கு ஏன் சொல்லல?"

"யார் தண்ணி கொண்டு போவாங்க, யார் கல்லெடுப்பாங்கன்னு எனக்குப் பிடிபடல."

ஆதிமூலம் தனக்கு எது வலித்ததோ அதைக் கேட்டான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். மூணு வருஷமா உங்ககிட்டப் படிக்கிறேன். என்ன நம்பலியா?"

சாலம்மா ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"காவல்காரர் நீங்க. போய்க் கேளுங்க. தண்ணியத் தாண்டாதீங்க."

அவன் இறங்கிப் போனான். அந்தக் கரையில் சடையன் துணி அலசிக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டியிருந்தது. ஆளைக் கண்டதும் எழுந்து நாலு எட்டுப் பின்னால் போனான்.

"கிட்ட வரமாட்டேன் அண்ணே. பயப்படாதீங்க."

"யாருடா பயந்தா? இத்தன நாள் ஒளிஞ்சிருந்தவன் எதுக்குடா பாடின?"

சடையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தினமும் என் இடம் வருது. எனக்காக நீங்கல்லாம் சும்மா இருக்கீங்க. எத்தன நாள் அதக் கேட்டுக்கிட்டே இருக்கறது."

"காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல."

"இருமல்?"

"இல்லண்ணே."

"பொய் சொன்னா…" என்று ஆரம்பித்த ஆதிமூலத்துக்கு இருமல் வந்தது. துண்டை வாயில் வைத்து அடக்கினான். அது அடங்கவில்லை. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தான்.

நிமிர்ந்தபோது சடையன் இன்னும் இரண்டு எட்டுப் பின்னால் போயிருந்தான்.

"அண்ணே," என்றான் மெல்ல. "உங்களுக்கு எப்போ இருந்து?"

"தூசுடா. சாமை புடைச்ச தூசு," என்று சொல்லிவிட்டு ஆதிமூலம் மேலே ஏறினான்.

ஏறும்போது மூச்சு வாங்கியது. பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தான். போன வாரம் அடிவாரத்திலிருந்து ரேஷன் அரிசி கொண்டுவந்த வண்டிக்காரன் நினைவுக்கு வந்தான். மூட்டைகளைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இறக்கிப் போட்டபின் இருவரும் முள்ளை ஒதுக்கிவிட்டு மரத்தின்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வண்டிக்காரனின் பிளாஸ்க், அதன் மூடியிலேயே மாற்றி மாற்றி. பழைய பழக்கம். யாரும் பார்க்கவில்லை. ஊரையே பார்த்துக்கொண்டிருந்தவனை யார் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பூங்காவனம் மிளகு தட்டிக் கஷாயம் வைத்தாள். டம்ளரை அவன் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"உடம்பு சுடுதா?"

"இல்ல."

"தொட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம்."

அவள் தன் பாயை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள்.

அன்றைக்குக் கூத்தில் அவன் கட்டியம் கூறினான். பாதிச் சொற்கள் எதிர்ச் சரிவுக்குப் போய்ச் சேரவில்லை. கொளந்தை தட்ட வேண்டிய இடம் தெரியாமல் பிந்தித் தட்டினான். சடையனுடைய இடம் சும்மா கடந்து போனது. அது முடிந்ததும் சாலம்மாவின் வாசலில் விளக்கு சீக்கிரம் அணைந்துவிட்டதை ஆதிமூலம் கவனித்தான். இவள் ஏதோ யோசிக்கிறாள், என்று நினைத்தான். சடையன் சொல்லியிருப்பான். நாளைக்கு என் பேர் வெளியே வரும்.

காலையில் அவன் முந்திக்கொண்டான். ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று, சடையன் இருக்கும் இடத்தையும், சாலம்மா அவனுக்குச் சோறு கொண்டுபோவதையும் சொன்னான்.

"நோய ஊருக்குள்ள கொண்டுவந்தது அவன்தான்," என்றான்.

"ஊருக்குள்ளதான் நோய் இல்லையே," என்றார் ஊர்க்கவுண்டர்.

ஆதிமூலம் துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். "வந்தா அவனாலதான் வரும்னு சொன்னேன்."

வெயில் ஏறுவதற்குள் ஓடைக்கரையில் ஊர் கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் தள்ளித்தான் நின்றார்கள். ஆனால் நின்றவர்கள் கையில் கம்பு இருந்தது. அந்தக் கரையில் சடையன் கொட்டாய் வாசலில் உட்கார்ந்திருந்தான். ஓடிவிடலாமா என்று யோசிக்கிறவனைப்போலக் காட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

சாலம்மா தண்ணீருக்குள் இறங்கி, கணுக்கால் நனைய, இரண்டு கரைக்கும் நடுவில் நின்றாள்.

"நீயே சோறு போட்டியாமே," என்றார் ஊர்க்கவுண்டர்.

"போட்டேன்."

"ஊருக்குத் தெரியாம."

"தெரியாமத்தான்."

"இது என்னம்மா நியாயம்?"

"தப்புதான். நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கேன். இன்னிக்கு மதியம் கட்டாயம் வர்றேன்னாங்க. அவனப் பாக்கட்டும். அதுவரைக்கும் யாரும் யார் வாசலுக்கும் போக வேணாம். இந்தக் கரையில இருக்கற நம்மளும்தான்."

"அவனுக்கு நோய் இருந்தா?" என்று வெள்ளையன் கேட்டான்.

"இருந்தா என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க."

"மலைய விட்டு இறங்கணும்," என்று யாரோ சொன்னார்கள். "இறங்கணும்," என்று இன்னும் இரண்டு குரல்.

"சடையனா இருந்தாலா, யாரா இருந்தாலுமா?"

ஒரு கணம் யாரும் பேசவில்லை. ஆதிமூலத்துக்கு அந்த அமைதி தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. அதை உடைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"யாரா இருந்தாலும்," என்றான் உரக்க.

எல்லாரும் தலையசைத்தார்கள். அது ஊர் வார்த்தை ஆகிவிட்டது.

கூட்டம் கலைந்தபோது சாலம்மா அவனைத் தாண்டிப் போனாள். தள்ளித்தான் போனாள்.

"தொண்டை எப்படி இருக்கு அண்ணே?"

"நல்லாத்தான் இருக்கு."

"நேத்து உங்க குரல் பள்ளத்தத் தாண்டல."

அவள் நிற்கவில்லை. இவள் மிரட்டுகிறாளா, விசாரிக்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மதியத்துக்கு மேல் நர்ஸம்மா தடுப்பைத் தாண்டி நடந்து வந்தாள். தலையிலிருந்து கால்வரை நீலத்தில் மூடியிருந்தாள். ஓடையைக் கடந்து போய்ச் சடையனைப் பார்த்தாள். நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்தாள். விரலில் ஒன்றை மாட்டினாள். திரும்பி வந்து ஊர்க்கவுண்டரிடம் சொன்னாள்.

"இவருக்கு ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். வீட்டுக்குப் போகலாம்."

ஊர்க்கவுண்டர் கம்பைக் கீழே போட்டார்.

"வேற யாருக்காவது காய்ச்சல், இருமல், வாசனை தெரியாம இருக்கறது, இப்படி ஏதாவது இருக்கா?" என்று அவள் இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள். "மறைக்காதீங்க. இருந்தா ஒதுங்கி இருந்தாப் போதும். மூச்சுத் திணறினா நான் வண்டி அனுப்பறேன்."

ஆதிமூலம் சாலம்மாவைப் பார்த்தான். சாலம்மா ஈரமான புடவைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பூங்காவனம் கணவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

நர்ஸம்மா போய்விட்டாள். ஊர்க்கவுண்டருக்கு இன்னும் முழு மனம் வரவில்லை. சடையன் அன்றைக்கு மட்டும் அங்கேயே இருக்கட்டும், காலையில் வீட்டுக்குப் போகட்டும் என்றார். கூடியவர்களில் சிலருக்கு நர்ஸம்மாவின் கருவிமேலும் சந்தேகம் இருந்தது.

பொழுது சாய்ந்தது. ஆதிமூலம் வாசலுக்கு வந்தான். சுற்றிலும் சரிவுகளில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து உட்கார்வது தெரிந்தது. குழந்தைகளை அதட்டும் குரல்கள் ஓய்ந்தன. கட்டியம் வர வேண்டிய நேரம்.

அவன் வாயைத் திறந்தான். வாழ்த்து நினைவுக்கு வந்தது. நாவிலும் வந்தது. ஆனால் பின்னால் மாட்டுக் கொட்டகையில் பூங்காவனம் இருமினாள். ஒரே ஒரு தடவை. அவளும் அதைத் துணியில் அடக்கிக்கொண்டாள்.

ஆதிமூலம் இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்தான்.

"எனக்குத்தான் காய்ச்சல்," என்றான்.

குரல் உடைந்தது. திரும்பவும் சொன்னான். "எனக்குத்தான். சடையன் கொண்டுவரல. தடுப்புல வண்டிக்காரன்கூட ஒரே மூடியில டீ குடிச்சேன். ரெண்டு நாளா மறைச்சேன்."

அது பள்ளத்தைத் தாண்டியது. தாண்டியதை எதிர்ச் சரிவில் பார்க்க முடிந்தது. ஒரு வீட்டில் எழுந்தார்கள். அடுத்த வீட்டில் எழுந்தார்கள். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

மேலேயிருந்து ஊர்க்கவுண்டரின் குரல் வந்தது. "ஆதிமூலம், காலைல நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"விடிஞ்சதும் இறங்கிடு."

"இறங்கிடறேன். பூங்காவனத்துக்கும் இருமல் இருக்கு. ரெண்டு பேரும் இறங்கிடறோம்."

அடிவாரத்துக்கு நடந்து போகிற தெம்பு அவனுக்கு இல்லை என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அப்போது ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து சடையன் பேசினான். "கவுண்டரே, எனக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. காலைல நான் ருக்குகிட்டப் போயிடறேன். கொட்டாய் காலியாத்தான் இருக்கும். கூரையெல்லாம் நல்லா வேஞ்சிருக்கேன். அண்ணனும் அண்ணியும் இங்க வரட்டும். விறகு பொறுக்கி வச்சிருக்கேன்."

ஊர்க்கவுண்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாத்திய கதவுகளில் ஒன்று திறந்தது. வெள்ளையன் வீட்டுக் கதவு.

"ஓடைக்கு அந்தப் பக்கமும் மலை இல்லாம வேற என்ன," என்று சாலம்மாவின் குரல் வந்தது. "இறங்கணும்னுதானே சொன்னீங்க. அங்க வரைக்கும் இறங்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாலம்மா, "கொளந்தை, மத்தளம்," என்றாள்.

கொளந்தை தயங்கினான். பிறகு தட்டினான். வெள்ளையன் கல்மேல் ஏறினான். கட்டியம் இல்லாமலே அன்றைக்குக் கூத்து தொடங்கியது. ராஜா பாடி முடித்து, மத்தளம் ஓய்ந்ததும், தங்கையின் பாட்டைச் சடையன் மூன்று அடியும் முழுதாகப் பாடினான். ஆதிமூலம் வாசலில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு கேட்டான்.

விடிந்ததும் இருவரும் ஓடையைக் கடந்தார்கள். எதிரே வந்த சடையன் மேட்டுப் பக்கமாகச் சுற்றி, ஒதுங்கி, ஒரு பாறைமேல் ஏறி நின்று வழிவிட்டான். ஆதிமூலம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பூங்காவனம்தான் கை கூப்பினாள்.

காய்ச்சல் அவனைப் புரட்டிப் போட்டது. நர்ஸம்மா இரண்டு முறை வந்து விரலில் மாட்டிப் பார்த்தாள். ஒருமுறை வண்டிக்குச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். பூங்காவனத்துக்கு லேசாக வந்து போய்விட்டது. ஊரில் கொளந்தையின் மாமியாருக்கும், ரேஷன் மூட்டை தூக்கிய ஒருவனுக்கும் காய்ச்சல் கண்டது. அவர்கள் முதல்நாளே சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஒதுங்கினார்கள். வேலியோரம் தண்ணீர்க் குடம் வைத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள், அந்தப் பக்கமே போகாதவர்களும் இருந்தார்கள். யாரும் சாகவில்லை.

ஆடியில் அம்மனுக்குக் கூத்து முழுதும் நடந்தது. கட்டியம் கூறியது யார் என்று ஆதிமூலத்துக்குக் கொட்டாயிலிருந்து சரியாகத் தெரியவில்லை. சில நாள் ருக்கு குரல் மாதிரி இருந்தது.

உடம்பு தேறி, எழுந்து உட்கார முடிந்த ஒருநாள், சாலம்மா கஞ்சி கொண்டுவந்தாள். ஓடைக்கு நடுவில் இருந்த கல்லில் தூக்கை வைத்துவிட்டுத் தன் கரைக்குத் திரும்பினாள். அவன் மெல்ல வந்து எடுத்துக்கொண்டான். போகாமல் நின்றான்.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்க."

"அன்னிக்கு அந்தக் கரையில ஊரே கம்போட நின்னுச்சு. நீங்க என் தொண்டையப் பத்திக் கேட்டீங்க. உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."

"தெரியும். முந்தின நாளே தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா சடையன விட்டிருப்பாங்க. என்ன இழுத்துப் போயிருப்பாங்க."

"ஆமா."

"நர்ஸம்மா கேட்டப்பவும் சொல்லல."

"சொல்லல."

தூக்கின் சூடு கையில் ஏறியது. அவன் அதை மாற்றிப் பிடித்தான். இத்தனை நாள் படுத்துக்கொண்டு அவன் இதைத்தான் நினைத்துப் பார்த்திருந்தான். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்தது.

"நானா வந்து சொல்லுவேன்னு என்ன நம்பினீங்க. அப்படித்தானே?"

சாலம்மா தண்ணீரைப் பார்த்தாள்.

"இல்லண்ணே," என்றாள். "பொழுது சாயற வரைக்கும்தான் பாத்தேன். நீங்க வாசலுக்கு வந்து நின்னீங்க. என் வாசல்ல இருந்து உங்களப் பாத்துக்கிட்டே நான் சொல்றதுக்கு மூச்ச இழுத்துட்டேன். நீங்க முந்திக்கிட்டீங்க."